யார் குனிவது?



இன்றைய பேச்சின் தலைப்பை அழைப்பிதழில் எப்படி அச்சிடுவது என்று இந்தக் கூட்டத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளர் என்னை இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார். "செல்லப்பிராணி வளர்ப்பும் நம் பொறுப்பும் என்று போட்டுவிடலாமா, ஐயா?" என்றார். போடுங்கள் என்றேன். அழைப்பிதழில் அப்படியே இருக்கட்டும். மேடையில் நான் அதன் சொந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நாயின் மலம். நம் வீட்டு நாய், பொதுத் தெருவில், பிறர் நடக்கும் பாதையில் போட்டுவிட்டு வருகிற மலம். அதை யார் எடுப்பது? எடுக்க யார் குனிவது? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் நாய்களுக்கு எதிராகப் பேச வரவில்லை. 1903-இல் தொடங்கப்பட்ட நம் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாடு, ஆடு, நாய், பூனை என்று இவற்றோடுதான் என் வாழ்க்கை கழிந்தது. இப்போதும் என் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. தெருவில் பிறந்தது; மழைநாளில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியது; எட்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பிள்ளை. நாயை நேசிக்கிறவர்களிடம், நாயை நேசிக்கிற ஒருவன் பேசுகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் மண்ணுக்கும் நாய்க்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. சண்டையில் பட்ட வீரன் ஒருவனுக்கு எடுத்த கல். அந்த வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1400 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தில் வாழ்ந்த எத்தனையோ செல்வர்களின் பெயர் நமக்குத் தெரியாது. கோவிவனின் பெயர் தெரியும். ஏன்? அந்த நாயால் ஊருக்கு நன்மை விளைந்தது. ஊர் அதைக் கல்லில் எழுதி வைத்தது.

இன்று நம் நாயை நம் தெருவார் எதை வைத்து நினைவில் வைத்திருக்கிறார்கள்? அதன் அழகை வைத்தா? அதன் காவலை வைத்தா? பக்கத்து வீட்டு வாசலில் அது போட்டுவிட்டு வந்ததை வைத்தா? அன்பர்களே, உங்கள் நெஞ்சையே கேட்டுப் பாருங்கள்.

காலை ஐந்தரை மணிக்கு நம் தெருவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பால் வண்டி போய்விட்டது. அம்மாக்கள் வாசல் தெளித்துக் கொண்டிருக்கிறார்கள். கோலப் பொடி டப்பா நடையில் இருக்கிறது. அப்போது ஒரு கேட் திறக்கிறது. நாய் முன்னால் வருகிறது, நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மனிதர் பின்னால் வருகிறார். தன் வீட்டு வாசலைத் தாண்டுகிறார். பக்கத்து வீட்டையும் தாண்டுகிறார், அவர் தெரிந்தவர். தெருக்கோடிக்குப் போகிறார். அங்கே மின்சாரப் பெட்டி இருக்கும், அதன் பக்கத்தில் யாரோ ஒருவருடைய சுற்றுச்சுவர் இருக்கும். நாய் மோந்து பார்க்கிறது, இரண்டு சுற்று சுற்றுகிறது, முதுகை வில்லாக வளைக்கிறது. மனிதர் என்ன செய்கிறார்? கைப்பேசியைப் பார்க்கிறார், இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்கிறார். தன் கையில் இருக்கும் கயிற்றின் மறுமுனையில் நடப்பது தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் நிற்கிறார். பிறகு கயிற்றைச் சுண்டி இழுத்துக்கொண்டு திரும்புகிறார். தன் வாசலில் கோலம். தெருக்கோடியில் எவர் வாசலிலோ மலம்!

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மொட்டை மாடிக்கு அழைத்துப் போகிறார்கள். கீழ்வீட்டுப் பாட்டி வத்தல் காயப் போடுகிற அதே மொட்டை மாடிக்கு! பாட்டி வாய் திறப்பதில்லை. மறு வருஷத்திலிருந்து வத்தல் போடுவதை நிறுத்திவிடுகிறாள், அவ்வளவுதான்.

இதைப் பற்றி நாய் வளர்ப்பவர்களிடம் பேசினால் எனக்குக் கிடைக்கும் முதல் பதில் என்ன தெரியுமா? "மாட்டுச் சாணம் தெருவில் கிடக்கிறதே டாக்டர், அதை நாம் வாசலுக்கே தெளிக்கிறோமே, இதுவும் மண்ணோடு மக்கிப் போகாதா?" என்பார்கள். நம் ஊரில் மட்டுமே பிறக்கக்கூடிய கேள்வி இது. சாணத்தோடு வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தக் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

மாடு தின்பது புல்லும் வைக்கோலும். அதன் சாணம் பெரும்பாலும் செரித்து மிஞ்சிய நார். நாய் தின்பது இறைச்சி, முட்டை, நாம் போடும் சோறு. நாயின் குடலில் குடியிருக்கும் புழுக்களில் சில மனிதரின் உடம்புக்குள்ளும் புகக்கூடியவை. அதில் ஒன்று உருண்டைப் புழு. டாக்சோகாரா என்பது அதன் அறிவியல் பெயர். குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே இந்தப் புழு தாயிடமிருந்து அதற்குப் போய்விடும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முட்டை வரைகூட இடும். அந்த முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து மண்ணில் விழும். மலம் மக்கிப் போகும். நீங்கள் சொல்வது சரிதான். கண்ணுக்கு அது மறைந்துவிடும். ஆனால் முட்டை மக்காது. தடித்த ஓட்டுக்குள் பத்திரமாக, மண்ணுக்குள் வருஷக் கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த மண்ணில் ஒரு குழந்தை விளையாடும். விரலை வாயில் வைக்கும். முட்டை பொரிந்து, புழுவின் இளம்பருவம் குழந்தையின் குடலைத் துளைத்துக்கொண்டு ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகும். சில சமயம் கண்ணுக்குள்ளும் போகும். அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் நடந்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு ஒரு கண்ணின் பார்வையே போய்விடலாம்.

இங்கேதான் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இந்த முட்டை, மலத்தோடு வெளியே வந்த அந்தக் கணத்தில் யாருக்கும் நோய் தராது. மண்ணில் கிடந்து, சூடும் ஈரமும் பட்டு, இரண்டு முதல் நான்கு வாரம் முதிர்ந்த பிறகுதான் அது தொற்றும். நாயின் குடலில் வாழும் இன்னொரு புழுவான கொக்கிப் புழுவுக்கும் இப்படி ஓர் இடைவெளி உண்டு. அதன் முட்டை ஓரிரு நாளில் பொரியும். ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அந்த இளம்புழு மனிதரின் வெறுங்காலைத் துளைக்கும் வல்லமையைப் பெற்றுவிடும்.

இதன் பொருள் என்ன? நாய் மலம் கழித்த அந்த நிமிஷத்திலேயே எடுத்தால், இந்தப் புழுக்களால் எடுப்பவருக்கு ஆபத்து இல்லை. வேறு கிருமிகள் இருக்கும். அவற்றுக்கு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். பத்து நாள், இருபது நாள் கழித்து அந்த மண்ணைத் தொடுகிறவருக்குத்தான் ஆபத்து. அப்போதே எடுக்க வேண்டியவர் யார்? நாயின் சொந்தக்காரர். பத்து நாள் கழித்துத் தொடுகிறவர் யார்? தெரு கூட்டும் தொழிலாளி. பூங்காவில் செடிக்குப் பாத்தி கட்டும் தோட்டக்காரர். மணலில் வீடு கட்டி விளையாடும் குழந்தை. நாம் நோகாமல் தட்டிக் கழித்த வேலை, இருபது நாளில் நஞ்சாக முதிர்ந்து, நமக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கைக்குப் போய்ச் சேருகிறது. இது நியாயமா? சொல்லுங்கள், இது நியாயமா?

பெசன்ட் நகர்க் கடற்கரைக்குக் காலையில் போய் வருகிறவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கடல்காற்று வாங்க நாயையும் கூட்டிப் போவீர்கள். பக்கத்திலேயே ஊரூர்க் குப்பம். அங்குள்ள மீனவர்களுக்கு அந்த மணல்தான் பட்டறை. வலையை அங்கேதான் விரிக்கிறார்கள், பின்னுகிறார்கள், மீனை அங்கேதான் காய வைக்கிறார்கள். வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஈர மணல் கொக்கிப் புழுவுக்கு மிகவும் ஏற்ற இடம். அது காலில் ஏறினால் தோலுக்கு அடியில் வளைந்து வளைந்து சிவப்பாக ஒரு கோடு தெரியும். நாளுக்கு நாள் அந்தக் கோடு நீளும். ராத்திரியில் தூங்கவிடாத அரிப்பு. நாய்க்குப் பூச்சி மருந்து கொடுக்காதவரும், போட்ட மலத்தை எடுக்காதவரும் சேர்ந்து இன்னொருவர் பாதத்தில் போட்ட கோடு அது.

அடுத்த பதில் ஒன்று உண்டு. "தெருநாய்கள் ஆயிரம் போகின்றன. அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. என் ஒரு நாயால்தான் ஊர் கெட்டுவிட்டதா?" இதைச் சொல்லாத ஆளே இல்லை. நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். தெருநாய்க்குக் கழுத்தில் கயிறு இருக்கிறதா? அதன் மறுமுனையை யாராவது பிடித்திருக்கிறார்களா? அதற்கு ஆள் இல்லை, உங்கள் நாய்க்கு நீங்கள் இருக்கிறீர்கள். ஆள் இல்லாத நாய்க்கு மாநகராட்சியும் விலங்கு நல அமைப்புகளும் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, தங்களால் ஆனதைப் பார்க்கின்றன. ஆள் இருக்கும் நாயை ஆள்தானே பார்க்க வேண்டும்?

மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். எங்கே கொண்டு போகும்? நம் மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நேரே போகிறது. 2003-இல் நம் மாநிலமே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. வாசலில் விழும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கி நாம் குடிக்கிறோம். அந்த வாசலில் எது கிடந்தால் எனக்கென்ன என்று சொல்ல முடியுமா?

சரி, மனிதரை விடுங்கள். நாய்க்காகவாவது யோசியுங்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் பணியில் இருந்தபோது பத்து வயதுப் பையன் ஒருவன் ஒரு குட்டியைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த குட்டி. ஐம்பது நாள்கூட ஆகவில்லை. துண்டை விரித்தேன். பார்க்கும் முன்பே நாற்றத்தில் தெரிந்துவிட்டது. பார்வோ. இந்த நோயைப் பார்த்த மருத்துவர் எவருக்கும் அந்த நாற்றம் மறக்காது. ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. தோலைக் கிள்ளிப் பிடித்தால் திரும்பவே இல்லை. உடம்பில் அவ்வளவு நீர் வற்றிப் போயிருந்தது.

"வெளியே கூட்டிப் போனீர்களா?" என்று கேட்டேன். "தினமும் காலையில தெருவில நடக்கக் கூட்டிப் போவோம் சார், ஆனா அது எதையும் தின்னவே இல்ல" என்றார் கூட வந்த அப்பா. "மோந்து பார்த்துச்சா?" என்றேன். பையன்தான் பதில் சொன்னான்: "ஆமா டாக்டர், எல்லாத்தையும் மோந்து பார்க்கும்." அந்த 'எல்லாத்திலும்' ஏதோ ஒரு நோய்ப்பட்ட நாயின் மலம் இருந்திருக்கிறது. பார்வோ வைரஸ் மலத்தில் கோடிக் கணக்கில் வெளியேறும். மலம் காய்ந்து மறைந்த பிறகும் மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். நாலு நாள் சலைன் ஏற்றினேன். ஐந்தாம் நாள் காலையில் அந்தக் குட்டி போய்விட்டது. பையன் அழவில்லை. துண்டைக் கேட்டு வாங்கி, மடித்து எடுத்துக்கொண்டு போனான். இன்றுவரை அது என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், குட்டிக்குத் தடுப்பூசி முழுதும் முடியும்வரை தெருத் தரையில் இறக்காதீர்கள். பூச்சி மருந்தை இரண்டு வார வயதில் தொடங்கிவிடுங்கள். எத்தனை நாளுக்கொரு முறை கொடுப்பது என்பதை உங்கள் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

இப்போது பேச்சின் மையத்துக்கு வருகிறேன். இவ்வளவும் தெரிந்த பிறகும் நாம் ஏன் குனிவதில்லை? நேரம் இல்லையா? ஒரு நிமிஷ வேலை. பணம் இல்லையா? பழைய நாளிதழ் போதும். பின்னே என்ன தடுக்கிறது?

இதற்குப் பதிலை என்னிடமிருந்தே தொடங்குகிறேன். மணிக்கு முன்னால் என் வீட்டில் இன்னொரு நாய் இருந்தது. பத்து வருஷம் இருந்தது. அந்தப் பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட நான் தெருவில் குனிந்து எடுத்ததில்லை. நான் கால்நடை மருத்துவன். மருத்துவமனையில் நாயின் மலத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் வைத்துப் புழு முட்டையைத் தேடியவன். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கத் தோள்வரை கையை உள்ளே விட்டவன். அந்தக் கை தெருவில் குனியக் கூசியது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசியது. அருவருப்பு என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன். மருத்துவனுக்கு அருவருப்பு ஏது? உண்மையில் அது 'இது என் வேலை இல்லை' என்கிற எண்ணம். அழுக்கை எடுப்பதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருவன் இல்லை என்கிற எண்ணம். நூற்றாண்டுகளாக நம் ரத்தத்தில் ஊறிய சாதியின் எண்ணம் அது. வேறு பெயர் சொல்லி அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த எண்ணத்தை உடைத்தவர் எங்கள் தெருவைக் கூட்டும் ஓர் அம்மா. ஐப்பசி மழை விட்ட ஒரு காலைப் பொழுது. நீளக் கம்பு கட்டிய துடைப்பத்தோடு தெருவோரச் சகதியை வாரிக்கொண்டிருந்தார். துடைப்பத்தின் ஈர்க்குகளில் நாயின் மலம் அப்பிக்கொண்டது. தரையில் தட்டிப் பார்த்தார், போகவில்லை. குழாயடிக்குப் போய்க் கழுவினார். கழுவும்போது அவர் கை, புடவை எல்லாவற்றிலும் தெறித்தது. நான் மணியோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்: "குப்பை வாரறது எங்க வேலை சார், அதுக்கு நான் வருத்தப்படல. நாயைப் புடிச்சிக்கினு பக்கத்துலயே நின்னு பாத்துட்டு, அப்படியே வுட்டுட்டுப் போறாங்க பாருங்க, அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது."

அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. மறுநாளிலிருந்து குனிகிறேன்.

'இது என் வேலை இல்லை' என்ற பேச்சு பழையது. 1901-இல் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி அங்கே போயிருந்தார். கழிப்பிடங்கள் நிரம்பி நாறிக் கிடந்தன. தொண்டர்களிடம் காட்டினார். அது எங்கள் வேலை இல்லை, துப்புரவு செய்பவரின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். காந்தி ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கினார். தாம் போக வேண்டிய இடத்தைத் தாமே கூட்டினார். நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நம் தெருவில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் இன்றும் அந்தத் தொண்டரின் பதிலைத்தான் சொல்கிறார். சில வீடுகளில் நாயை நடத்திப் போகிற வேலையே டிரைவருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் போய்விட்டது. நாய் நம்முடையது, கொஞ்சல் நம்முடையது, புகைப்படம் நம்முடையது. குனிவது மட்டும் அவர்களுடையது!

இது நம் ஊர்க்காரரின் குறை மட்டும்தானா என்றால், இல்லை. வெள்ளைக்காரர் ஊரெல்லாம் பிறவியிலேயே சுத்தம் என்று நினைக்காதீர்கள். நியூயார்க் நகரத்துத் தெருக்களில் நாய் மலத்தை மிதிக்காமல் நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. நாயின் சொந்தக்காரரே எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது 1978 ஆகஸ்டில்தான். இது நடக்கிற காரியமா, யார் குனிவார்கள் என்று அங்கேயும் கேட்டார்கள். குனிந்தார்கள். முதலில் அபராதத்துக்குப் பயந்து குனிந்தார்கள். பிறகு அக்கம்பக்கத்தார் பார்வைக்குக் குனிந்தார்கள். இப்போது அது பழக்கம்.

பாரிஸ் நகரம் வேறு வழியில் போனது. மக்களைக் குனிய வைப்பதற்குப் பதிலாக ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்தது. 1982-இல், ஜாக் சிராக் மேயராக இருந்தபோது, உறிஞ்சும் குழாய் பொருத்திய மோட்டார் சைக்கிள்கள் நடைபாதைகளில் ஓடத் தொடங்கின. நகராட்சி ஊழியர் ஓட்டிக்கொண்டு வருவார், குழாயால் உறிஞ்சிக்கொண்டு போவார். செலவு ஏராளம். இருபது வருஷம் ஓடிப் பார்த்தும் கிடந்ததில் ஒரு சிறு பங்கைத்தான் அள்ள முடிந்தது. 2004-இல் அந்த வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நாய்க்காரரே எடுக்கட்டும், எடுக்காவிட்டால் அபராதம் கட்டட்டும் என்ற முடிவுக்கு அவர்களும் வந்து சேர்ந்தார்கள். வரி கட்டுகிறோம், மாநகராட்சி செய்யட்டும் என்கிறவர்களுக்குப் பாரிஸ் பெரும் பணம் செலவழித்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

எடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கடினமே இல்லை. பிளாஸ்டிக் பை நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் தடையில் இருக்கிறது, அது வேண்டாம். நாளிதழின் இரட்டைத் தாள் ஒன்றை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். உங்கள் நாயை உங்களுக்குத் தெரியும். அது சும்மா மோந்து பார்ப்பது வேறு, இடம் தேடி மோந்து பார்ப்பது வேறு. சுற்றத் தொடங்கியதும் தாளை எடுங்கள். முதுகை வளைத்துப் பின்னங்காலை மடக்கும் அந்தக் கணத்தில், பின்பக்கமாகத் தாளைத் தரையோடு நகர்த்திப் பின்னங்கால்களுக்கு நடுவே வையுங்கள். முதல் இரண்டு நாள் நாய் மிரண்டு எழுந்து திரும்பிப் பார்க்கும். மூன்றாம் நாள் பழகிவிடும். தரையில் ஒரு துளிகூடப் படாது. நான்கு மூலையையும் சேர்த்து, மளிகைக் கடைக்காரர் பருப்புப் பொட்டலம் மடிப்பதுபோல் மேல் ஓரத்தை உள்ளே செருகினால் முடிந்தது. வீட்டுக்கு வந்து கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். தாளை இன்னொரு தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தாள் வைக்கத் தவறிவிட்டால், கொஞ்சம் மண்ணைத் தூவி, கெட்டி அட்டை ஒன்றால் தள்ளித் தாளில் வாரிக்கொள்ளுங்கள். காய்கறிச் செடிக்கு உரமாக மட்டும் போடாதீர்கள்.

நாயை வளர்ப்பதில் வேறு கடமைகளும் உண்டு. நேரம் கருதிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறிநோய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் வைக்காதீர்கள். தெருவில் கயிறு இல்லாமல் விடாதீர்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறியதை இந்த நகரம் மறந்திருக்காது. அந்த நாய்களுக்கும் சொந்தக்காரர் உண்டு. நாய் வளர்க்கச் சென்னை மாநகராட்சி தரும் உரிமத்துக்கு 2025-இல் கட்டணம் வெறும் 50 ரூபாய்தான். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்த ஆண்டே அறிவித்தார்கள். 50 ரூபாய்க்கே நம்மில் பலர் போகவில்லை என்பதால்தான் 5,000 வந்தது. பனி நாட்டில் பிறந்த ஹஸ்கியைச் சித்திரை வெயிலில் மூச்சு வாங்க விடாதீர்கள்; ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் நம் வெயிலுக்கென்றே உருவான நாய்கள். அவற்றுக்கும் ஓடி ஆட இடம் வேண்டும். இரண்டு அறை வீட்டில் அடைத்துவிட்டு, குரைக்கிறது என்று அடிக்காதீர்கள். கடைசியாக ஒன்று. வயதாகிவிட்டது, நோய் வந்துவிட்டது என்று நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் தெரியாத ஊரில் இறக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த இடத்தை விட்டு நகராமல், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நாள் கணக்கில் காத்திருக்கும். இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் பேச முடியாது.

முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. பெரியவர்களைவிட உங்களை நம்பித்தான் நான் இங்கே வந்தேன். அப்பா நாயை வெளியே கூட்டிப் போகும்போது தாளை மடித்து அவர் கையில் கொடுங்கள். மறந்து போனார் என்றால் ஓடிப் போய்க் கொடுங்கள். கூச்சப்படாமல் கொடுங்கள். உங்களுக்கு இன்னும் அந்தக் கூச்சம் யாரும் சொல்லித் தரவில்லை. இனிமேலும் தர வேண்டாம்.

பெரியோர்களே, நாளை காலை ஐந்தரை மணிக்கு நம் பூங்கா வாசலில் நானும் மணியும் இருப்போம். ஒரு கட்டுப் பழைய நாளிதழ் கொண்டு வருகிறேன். நாயோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு தாள் தருகிறேன். தெரு கூட்டும் அந்த அம்மா ஆறு மணிக்கு வேலைக்கு வருவார். அவர் வருவதற்குள் நம் தெருவில் நாம் எடுக்க வேண்டியதை நாமே எடுத்து முடித்திருக்க வேண்டும். வாருங்கள்.